வியாதியை வளர்க்கும் வெட்கம்

கௌதம முனிவரின் சாபத்தால் இந்திரனுடைய விதைகள் கழன்று விழுந்தனவென்றும், பிறகு ஆட்டுக்கடாவின் விதைகளை எடுத்து அவனுக்குப் பொருத்தினார்களென்றும் வால்மீகி இராமாயணம் சொல்லுகின்றது. இதைப் புண்ணிய கதை என்று தாய் தகப்பன், பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்பதில் நம்மவர்களுக்கு யாதொரு வெட்கமும் இல்லை. ஆனால் தன் விதையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், அதை டாக்டரிடம் சொல்ல மாத்திரம் வெட்கமாம்! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

தோழர்களே! வலியில்லாத கட்டி ஆபத்தில்லாத கட்டியாகிவிடாது. விதையில் உண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமலே தொடங்குகின்றது. கிழவர்களைவிட 15 முதல் 40 வயது வரையுள்ள வாலிபர்களையே அது அதிகமாகப் பிடிக்கின்றது. ஆனாலும் ஆரம்பத்திலேயே கண்டு வைத்தியம் செய்தால் 100க்கு 95 பேருக்கு மேல் பிழைத்துக் கொள்ளுகிறார்கள். அப்படியிருக்க, விபூதி பூசி, மந்திரித்த கயிறு கட்டி, மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்து சாவது தலைவிதியா, மடமையா?

கட்டியின் சங்கதியை அறிய முதலில் கத்தி வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் என்பது நம் காதுக்குக் கேளாத ஒலியை உடம்பினுள் செலுத்தி, அது மோதித் திரும்புவதைக் கொண்டு படம் காட்டும் கருவி. கிளாஸ்கோ நகரில் டாக்டர் அயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் வயிற்றுக் கட்டிகளை இவ்விதம் பார்த்து 1958ல் வெளியிட்டார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை, வலியும் இல்லை. வீக்கம் நீரா, கெட்டிக் கட்டியா, ரத்த ஓட்டம் சரியா என்பதெல்லாம் அரை மணிக்குள் தெரிந்துவிடும். யானைக்கால் நோயின் புழுக்கள் விதைப்பைக்குள் உயிரோடு நெளிவதைக்கூட இதில் காணலாம். அப்புழு கொசுவால் வந்ததேயன்றிப் பூர்வஜென்ம வினையால் வந்ததல்ல.

பிள்ளையில்லை என்றால் உடனே பெண்ணை மலடி என்று தூற்றி, அரச மரத்தைச் சுற்றச் சொல்லுகிறார்கள். புருஷனைப் பரிசோதிக்க வேண்டுமென்று எவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையில்லாமைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் ஏறக்குறைய 3ல் ஒருவருக்கு விதையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கின்றன. மனைவியின் கருவில் இருப்பது பெண்ணா என்று பார்க்க இதே கருவியிடம் ஓடினவர்களைத் தடுக்க 1994ல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் கருவியின் முன் தான் படுப்பதற்கு மாத்திரம் ஆண்பிள்ளைக்கு மானம் போகின்றதாம்!

எல்லோரும் வருஷந்தோறும் ஸ்கேன் எடுக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வப்போது வெந்நீரில் குளிக்கும்போது தடவிப் பாருங்கள். கட்டியோ வீக்கமோ கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று கடும்வலி கண்டால் விதை முறுக்கிக் கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்திற்குள் வைத்தியம் நடக்காவிட்டால் விதையே கெட்டுப் போகக்கூடும். ஆகவே ராகுகாலம் பார்த்துக் கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்திரனுக்காவது ஆட்டு விதை கிடைத்ததாகப் புராணம் எழுதி வைத்தார்கள். நமக்கு அதுவும் கிடைக்காது.