சைகோன் நகரில் இரண்டு நாள்கள்

தெற்கு வியட்நாமின் பெருநகரமான சைகோன், 1976ஆம் ஆண்டு முதல் ஹோ சி மின் நகரம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் மக்களின் பேச்சில் பழைய பெயரே இன்றும் வழங்குகிறது. இருசக்கர வாகனங்கள் வெள்ளமாகப் பெருகும் சாலைகளும், இரவு நெடுநேரம் அடங்காத கடைவீதிகளும் கொண்ட அந்நகரின் நடுவே, மாரியம்மனுக்கு ஒன்றும் முருகப்பெருமானுக்கு இரண்டுமாகத் தமிழர் எழுப்பிய மூன்று கோயில்கள் உள்ளன. வார இறுதியில் இரண்டு நாள்களை ஒதுக்கக்கூடிய குடும்பத்தார், வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துச் சென்று தரிசித்துத் திரும்ப ஏற்ற ஊர் அது.

பிரெஞ்சுப் படையினர் 1859ஆம் ஆண்டில் சைகோனைக் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து தமிழர் பலர் அரசுப் பணிக்கும் வணிகத்துக்கும் அங்கே சென்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார், மீகாங் ஆற்றுப் படுகையின் நெல் விளைச்சலுக்குக் கடன் கொடுத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். தொழில் செய்யும் ஊரில் முருகனுக்குக் கோயில் எழுப்புவது அவர்களது வழக்கம். சைகோனிலும் அவ்வாறே செய்தனர். பின்னர் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது, போர் நீண்டது, 1975ஆம் ஆண்டில் ஆட்சி மாறியபோது, எஞ்சியிருந்த தமிழரிலும் பெரும்பாலோர் வெளியேறினர். கட்டியவர்கள் சென்றுவிட்டனர், கோயில்கள் நிலைத்தன.

பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் பருவத்தைக் கருத வேண்டும். மே முதல் நவம்பர் வரை அங்கே மழைக்காலம். ஏப்ரலில் வெயில் கடுமை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே முதியோருக்கு உகந்தவை. விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். அங்குள்ள நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. மாத்திரை உட்கொள்வோர் இதை நினைவில் கொள்ளுதல் நலம்.

பணத்தில் கூடுதல் கவனம் தேவை. அந்நாட்டு நாணயமான டாங்கின் தாள்களில் சுழிகள் மிகுதி. 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறச் சாயலில் இருப்பதால், அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடுவோர் உண்டு. இரண்டின் மதிப்புக்கும் இடையே இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. பெரிய தாள்களைத் தனி உறையில் வைத்துக்கொள்வது எளிய பாதுகாப்பு.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் மாரியம்மன் கோயிலில் தொடங்கலாம். 1914இல் திறக்கப்பட்ட பென் தான் சந்தையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், ட்ருவோங் தின் தெருவில் அக்கோயில் உள்ளது. சுப்பிரமணியர் கோயில் நாம் கி கோய் நியா தெருவிலும், தண்டாயுதபாணி கோயில் தோன் தாட் தியெப் தெருவிலும் அமைந்துள்ளன. மூன்றும் நகரின் மையப் பகுதியிலேயே இருப்பதால், வாடகைக் காரில் சென்றால் முழங்கால் வலி உள்ளவரும் ஒரே காலையில் மூன்றையும் தரிசித்துவிடலாம். நடந்து செல்வோர் சாலையைக் கடக்கும்போது ஓடவோ திடீரென நிற்கவோ கூடாது. சீராகவும் மெதுவாகவும் நடந்தால் வாகனங்கள் விலகிச் செல்லும்.

நண்பகலில் ஓய்வெடுத்து, மாலையில் 1891இல் கட்டி முடிக்கப்பட்ட மத்திய அஞ்சல் நிலையத்தைக் காணலாம். ஞாயிறு காலையைச் சீனர் மிகுந்து வாழும் சோலோன் பகுதிக்கு ஒதுக்கலாம். கடலோடிகளைக் காக்கும் தெய்வமாகச் சீனர் போற்றும் தியென் ஹாவ் அம்மையின் கோயில் அங்கே உள்ளது. கூரையிலிருந்து தொங்கும் சுருள் ஊதுவத்திகளின் மணத்தில் அக்கோயில் மூழ்கியிருக்கும்.

சைவ உணவைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. வியட்நாமிய பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் தவிர்ப்பர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நம் வீடுகளில் உள்ள சிறப்பை இது நினைவூட்டும். 'சாய்' என்ற சொல் சைவத்தைக் குறிக்கும். அப்பெயர்ப் பலகை உள்ள உணவகங்கள் நகரெங்கும் உள்ளன. பொது உணவகங்களில் காய்கறிச் சமையலிலும் மீன் சாறு சேர்ப்பது வழக்கமாதலால், 'சாய்' கடைகளை நாடுவதே பாதுகாப்பு.

பெட்டியில் வைப்பவற்றைப் போலவே மனத்தில் வைக்க வேண்டியதும் ஒன்று உண்டு. சைகோன் மாரியம்மன் சந்நிதியில் கூடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. அவர்கள் ஊதுவத்திகளை இரு கைகளிலும் ஏந்தி, தலைக்கு மேல் உயர்த்தி வணங்குவர். கருவறைக்குப் பின்னுள்ள சுவரில் நெற்றியை வைத்துத் தங்கள் குறைகளை மெல்லச் சொல்வர். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்கள், நோயையும் கடனையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் அங்கே முறையிடுகின்றனர்.

தமிழகக் கோயில்களின் பூஜை முறைக்குப் பழகிய பெரியவர்களுக்கு இக்காட்சி முதலில் நெருடலாக இருக்கலாம். 'இதுவா முறை?' என்ற கேள்வியும் எழலாம். கட்டிய சமூகம் கலைந்த பின் ஒரு கோயில் பூட்டிக் கிடப்பது உலகில் புதிதன்று. அந்நிலை இத்திருக்கோயிலுக்கு வராததற்குக் காரணம், முறை அறியாவிட்டாலும் அன்பு அறிந்த அந்த மக்களே. அவர்கள் ஏற்றும் ஊதுவத்தி இல்லையெனில், இன்று அங்கே செல்லும் தமிழருக்குத் தரிசனம் ஏது?

ஆதலால், அங்கே திருத்தம் சொல்ல முனையாமல், அவர்களுக்குப் பின்னே வரிசையில் நின்று, தமிழில் ஒரு பாடலை மெல்லப் பாடி வணங்கி வருவதே சிறப்பு. பேரக்குழந்தைகள் உடன் இருந்தால், கடல் கடந்து அக்கோயிலைக் கட்டியவர்களைப் பற்றியும், இன்று அதைக் காத்து நிற்பவர்களைப் பற்றியும் அங்கேயே எடுத்துச் சொல்ல வேண்டும்.