உணவகச் சுவரொட்டியில் பாடுபவர் பெயர் எங்கே?



நான் தங்கியிருக்கும் தென்கொல்கத்தாவில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் ஓர் உணவகம் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் அதன் கண்ணாடிக் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டப்படும். அதே படம் அன்று மாலை இன்ஸ்டகிராமிலும் வரும். இம்மாதச் சுவரொட்டியை நேற்று நின்று முழுமையாகப் படித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் இரவு 8 மணி முதல் நேரடி இசை. முதல் வெள்ளிக்கு எதிரே ‘பழைய ஹிந்திப் பாடல்கள்’, இரண்டாவதற்கு ‘ரெட்ரோ’, மூன்றாவதற்கு ‘பங்களா ராக்’, கடைசி வெள்ளிக்கு ‘ஜாஸ்’. அதற்குக் கீழே அன்றைய சிறப்பு உணவுகள். பெட்கி மீன் எப்படி வறுக்கப்படும், அதனுடன் வரும் காசுந்தி யார் வீட்டுப் பக்குவம், இறால் எந்த ஊர் இறால் என்பதெல்லாம் விளக்கமாக இருந்தன. சமையல் கலைஞரின் பெயரும் படமும்கூட இருந்தன. நான்கு வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கப் போகிறவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

இதை ஒரு சிறிய குறையாக நான் கருதவில்லை. பெயரில்லாமல் அறிவிக்கப்படும் வேலைக்குக் கூலியைக் குறைப்பது எளிது. ஆளை மாற்றுவது அதனினும் எளிது. பின்னாளில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று வரலாறு எழுதுவது எல்லாவற்றிலும் எளிது. மூன்றாவதைச் செய்பவர்கள் நாம், அதாவது ஆய்வாளர்கள். ஆகவே இந்தப் பதிவு உணவக முதலாளிகளை நோக்கியது என்று யாரும் எண்ண வேண்டாம்.

நான் இருக்கும் நகரத்தையே எடுத்துக்கொள்கிறேன். இன்று மதர் தெரசா சரணி என்று பெயர் பெற்றிருந்தாலும் எல்லோரும் பார்க் ஸ்ட்ரீட் என்றே அழைக்கும் தெருவில், 1950களிலும் 60களிலும் மொக்காம்போ, புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ், திரிங்காஸ் என்று வரிசையாக உணவகங்கள்தாம் இசைமேடைகளாக இருந்தன. 1959இல் ஓம் பிரகாஷ் பூரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் வாங்கிய திரிங்காஸ், அதற்கு முன் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் நடத்திய தேநீர்க்கடை. அங்கேதான் 1969இல் காஞ்சிபுரம் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் மைக்கின் முன் வந்து நின்றார். உஷா உதுப்பை இந்தியா கண்டது அந்த மேடை வழியாகத்தான். அதற்குச் சற்று முன் அவர் பாடத் தொடங்கிய இடமும் ஒரு கேளிக்கை விடுதியே. சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’. 2024இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது வந்த கட்டுரைகள் பலவும் இந்த இடங்களை ‘எளிய தொடக்கம்’ என்று ஒரே வரியில் கடந்துபோயின. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரே ஒருவர் தட்டில் கத்தி போடும் ஓசைக்கு நடுவே, கேட்க வராதவர்களைக் கேட்க வைக்கும் பயிற்சியை வேறு எந்த மேடை அவருக்குத் தந்திருக்கும்?

டார்ஜிலிங்கில் பிறந்த பியானோக் கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ் புளூ ஃபாக்ஸில் வாசித்துக்கொண்டிருந்தவர். ராகுல் தேவ் பர்மன் அவரைப் பம்பாய்த் திரையிசைக்கு அழைத்துச்சென்ற கதை பலமுறை சொல்லப்பட்டது. பெங்களூரில் பிறந்து இந்நகரத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட கிட்டார்க் கலைஞர் கார்ல்டன் கிட்டோ, 2016இல் மறையும் வரை பீபாப் என்னும் கடினமான ஜாஸ் வகையை விடாது பற்றியிருந்தார். இன்னும் பின்னே போனால், அமெரிக்கக் கறுப்பினப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு பம்பாய்த் தாஜ் விடுதியிலும் பின்னர் கல்கத்தாவின் கிராண்ட் விடுதியிலும் இசைக்குழு நடத்தி, 1945இல் இங்கேயே காலராவில் இறந்தார். பம்பாயில் அந்த விடுதிகளில் இரவு வாசித்த கோவாக்காரர்களே பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலினும் டிரம்பெட்டும் வாசித்தனர். மேலைச் சுரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மாதாகோயில் பள்ளிகள் தந்த பயிற்சி அது. நரேஷ் ஃபெர்னாண்டஸின் ‘தாஜ் மஹால் ஃபாக்ஸ்டிராட்’டும், கிரகரி பூத் எழுதிய ‘பிஹைண்ட் தி கர்ட்டன்’னும் வந்திராவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் இன்று பெயர்களாகக்கூட எஞ்சியிருக்க மாட்டார்கள்.

இந்நூல்கள் எழுந்த விதத்தைக் கவனியுங்கள். முதியவர்களின் நினைவு, வீட்டுப் பெட்டியில் கிடந்த புகைப்படம், செய்தித்தாள்களில் வந்த சிறு விளம்பரம்: இவையே ஆதாரங்கள். இன்று வெள்ளிக்கிழமை யார் வாசிக்கிறார் என்று விடுதிக்காரர் கொடுத்த இரண்டங்குல விளம்பரத்தில் பெயர் இருந்ததால்தான் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவரைத் தேடிப் போக முடிந்தது. அக்கால விடுதிகள் பெயரைப் போட்டன. பெயருக்காகவே கூட்டம் வந்தது. பிறகு 1970களின் அரசியல் கொந்தளிப்பு, மின்வெட்டு, கேளிக்கை வரி என்று பல காரணங்கள் சேர்ந்து பார்க் ஸ்ட்ரீட்டின் மேடைகள் ஒவ்வொன்றாக அடங்கின. இப்போது நாடு முழுவதும் உணவக இசை திரும்பி வந்திருக்கிறது. பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் புணேவிலும் வார இறுதி அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. திரும்பி வந்தபோது பல இடங்களில் பெயர் மட்டும் வழியில் தவறிவிட்டது.

‘உணவகத்தில் வாசிப்பது பின்னணி இசைதானே, அதைக் கலையென்று தூக்கிப் பிடிக்க வேண்டுமா’ என்று என் துறை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாண வீட்டு நாகசுரத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். நலம் விசாரிப்பும் பந்திக்கு அழைப்புமாக நாம் இரைந்துகொண்டிருக்க, அவர் பாட்டுக்கு ஒரு தோடியை விரித்துக்கொண்டிருப்பார். ஆயினும் தாலி கட்டும் கணத்தில் கெட்டிமேளம் அரை நொடி பிந்தினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். கேளாமல் இருப்பவர்களுக்காக வாசிப்பது தனியொரு திறன். அந்த உணவகத்தில் கீபோர்டு வாசித்துப் பாடும் ஒருவரிடம் சில வாரங்கள் பேசியிருக்கிறேன். ஓர் இரவில் மூன்று செட். முதல் செட்டில் குடும்பங்கள். பேச்சுக்கு இடம் விட்டு, ஒலியைத் தாழ்த்தி, எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகள். இரண்டாவதில் மேசைகள் நிறையும். காகிதக் கைத்துடைப்பானில் பாட்டின் பெயரை எழுதி அனுப்புவார்கள், அது அவருக்குத் தெரியாத பாட்டாக இருந்தால் அடுத்த இரண்டு நிமிடத்தில் கைபேசியில் கேட்டுச் சுருதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் குடித்தவர் ஒருவர் மைக்கைக் கேட்பார். அவருக்கு அவமானமும் நேராமல் பாட்டும் கெடாமல் வாங்கித் தர வேண்டும். இதை மூன்று மணி நேரம் செய்கிறவரை நாம் ‘சூழல்’ என்கிறோம்.

சட்டம் இவர்களை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை 1994 திருத்தத்தால் வந்து சேர்ந்தது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் வரையறையில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனமாடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோருடன் விரிவுரை ஆற்றுபவரும் இடம்பெறுகிறார். (பேராசிரியர்கள் கவனிக்க: நாமும் பாம்பாட்டியும் உணவகப் பாடகரும் ஒரே வரியில் நிற்கிறோம்.) 2012 திருத்தம் 38ஆ பிரிவைச் சேர்த்தது. தன் நிகழ்ச்சிக்குத் தானே நிகழ்த்துநர் என்று அடையாளம் காட்டப்படக் கோரும் உரிமையை அது தருகிறது. பயன்படுத்தும் முறையே பெயரை விடும்படி செய்யுமிடம் மட்டும் விலக்கு. கதவில் ஒட்டிய முன்னறிவிப்புக்கு இப்பிரிவு நேரே பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். மீனின் ஊரை எழுத இடமிருந்த தாளில் மனிதரின் பெயருக்கு இடமில்லை என்று சொல்வதற்கு அந்த விலக்கு உதவாது என்பதே என் எண்ணம்.

சட்டம் வேறொரு வகையிலும் இவர்களைச் சந்தித்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் உரிமம் பெற்ற மதுக்கூடங்களின் இசைக்குழுவில் நான்கு ஆண்கள், நான்கு பெண்களுக்கு மேல் மேடையில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தப் பால் கணக்கைச் செல்லாது என்றது. மொத்தம் எட்டுப் பேர் என்ற வரம்பு இருக்கலாம். எட்டுப் பேரும் பெண்களாகவே இருந்தாலும் தடையில்லை. பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் அவள் வேலையைப் பறிக்கும் விதியை அந்தத் தீர்ப்பு இனங்கண்டது. உணவகப் பாட்டை உழைப்பாகவும் தொழிலாகவும் பார்த்த தீர்ப்பு அது. இசைத்துறை மாணவர்களுக்கு அதைப் பாடமாக வைத்த துறை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

கூலி பற்றிப் பேசும்போது முதலில் என் மீதே குற்றம் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது இருந்த துறையில் ஒரு கருத்தரங்கு. ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். பேச வந்தவர்களுக்கு விமானச் சீட்டு, தங்குமிடம், மதிப்பூதியம். நிறைவு மாலையில் கிட்டார் வாசிக்க உள்ளூர் இளைஞர் ஒருவரை அழைத்தோம். ‘நல்ல கூட்டம் வரும், உங்களைப் பலருக்குத் தெரியவரும்’ என்று அவரிடம் சொன்னவன் நான். ஒரு பொன்னாடையும் தேநீரும் கொடுத்தோம். அழைப்பிதழில் ‘இசை நிகழ்ச்சி’ என்று அச்சாகியிருந்தது. கருத்தரங்கின் தலைப்பு நிகழ்த்துகலையும் உழைப்பும் பற்றியது என்பதை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விடுவது அதைவிட மோசம். அந்த உணவகமாவது அவர் போன்றவர்களுக்கு இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறது.

இந்த வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் பெயர் நிற்கிறது. அவன் அளித்த ஊனும் கள்ளும் விரிவாக நிற்கின்றன. பாடிய புலவர் முடத்தாமக்கண்ணியார் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த விருந்தை உண்டு, தடாரி கொட்டிய பொருநனின் பெயர் என்ன? ஆற்றுப்படை என்பதே ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு ‘இன்ன இடத்துக்குப் போ, நன்றாக நடத்துவார்கள்’ என்று வழிசொல்லும் வகை. இன்றைய உணவக இசைக்கலைஞர்களும் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அதையேதான் செய்கிறார்கள்: எந்த இடத்தில் சம்பளம் அன்றிரவே கிடைக்கும், எங்கே மாதக்கணக்கில் இழுப்பார்கள், எங்கே சாப்பாடு போடுவார்கள். யாராவது ஒரு மாணவர் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

நான் கேட்பது சிறிய வேலைதான். நீங்கள் படிக்கும் ஊரில் வரவிருக்கும் உணவக இசை நிகழ்ச்சிகளின் அறிவிப்பைப் பார்த்தால் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து வையுங்கள். இன்ஸ்டகிராமில் இடும் ஸ்டோரி இருபத்துநான்கு மணி நேரத்தில் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அச்சடித்த பழைய விளம்பரத்துக்கு இருந்த ஆயுள் அதற்கு இல்லை. 1969இன் பார்க் ஸ்ட்ரீட்டைவிட 2019இன் பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றி எழுதுவது வருங்காலத்தவருக்குக் கடினமாக இருக்கப்போகிறது என்று நான் அஞ்சுகிறேன். நிகழ்ச்சிக்குப் போனால், இடைவேளையில் பெயரைக் கேளுங்கள். அவர் விரும்பினால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் பாடுவது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு, பெண்களில் அப்படிச் சிலரை நானே சந்தித்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையதே. அதை உணவகம் அவர்களுக்காக முடிவு செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

நேற்று அந்த உணவக மேலாளரிடம் இதைச் சொன்னேன். ‘தாதா, யார் வருவார் என்பது வியாழக்கிழமைதான் எங்களுக்கே உறுதியாகும்’ என்றார். பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உறுதி ஏன் வியாழன் வரை நீள்கிறது, முன்பணம் கொடுத்தால் நீளுமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை ஜாஸ். எட்டு மணிக்கு முதல் செட். மேடைக்கு அருகிலுள்ள மேசையில் ஆறு பேர் அமரலாம். நான் முன்பதிவு செய்திருக்கிறேன், இருவருக்கு இடமிருக்கிறது. வர விரும்பும் மாணவர்கள் எனக்கு எழுதுங்கள். சாப்பாட்டுக் கணக்கு அவரவருடையது. மேடையருகே வைத்திருக்கும் கண்ணாடிச் சாடியில் போடச் சில்லறையோடு வாருங்கள்.