கண்டன்சர் போய்விட்டதாம்!

"பழைய பிளாஷா? கண்டன்சர் போயிருக்கும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்." கேமராக் கடைக்காரர்கள் இந்த வாக்கியத்தை எந்தக் குருகுலத்தில் கற்றார்களோ! பெட்டியைத் திறப்பதில்லை, மீட்டரைத் தொடுவதில்லை. நாடி பிடிக்காத வைத்தியன் மரண சர்ட்டிபிகேட் எழுதுகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம்.

அந்தக் கண்டன்சர்தான் என்ன? இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவே திரவத்தில் நனைத்த காகிதம். சுருட்டி ஒரு டப்பிக்குள் அடைத்திருக்கிறது. ஒரு தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம். மின்சாரம் உள்ளே தங்குவது அந்தப் படலத்தின் தயவு. வருஷக் கணக்காகப் பரணில் கிடந்தால் படலம் நைந்துபோகிறது. ஏற்றுகிற மின்சாரம் உள்ளேயே கசிகிறது. ஸ்விட்சைப் போட்டால் கீச்சென்று ஓசை வரும், நியான் விளக்கு மட்டும் எரியாது. இதைத்தான் 'போய்விட்டது' என்கிறார்கள். போகவில்லை ஐயா, சும்மா கிடந்து சோர்ந்திருக்கிறது! இடையிடையே ஏற்றிப் பளிச்சிட வையுங்கள் என்று பல கையேடுகளிலே அச்சடித்தே கொடுத்தார்கள். படித்தவர் யார்?

சோர்ந்த படலத்தை மீண்டும் வளர்ப்பதும் மின்சாரம்தான். ஆனால் மருந்தைத் துளித்துளியாகக் கொடுக்கவேண்டும். பெரிய ரெஸிஸ்டர் ஒன்றின் வழியாக, குறைந்த வோல்ட்டில் ஆரம்பித்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். கசிவு குறைகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். டப்பி சுட்டால் நிறுத்திவிட வேண்டும். ஒரு மாலைப் பொழுது போகும். அந்த மாலைப் பொழுதை மிச்சப்படுத்தத்தான் கடைக்காரர் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்.

எல்லாம் பிழைக்கும் என்று நான் சாதிக்கவில்லை. அடி உப்பித் திரவம் கக்கியது செத்ததுதான். மாற்றிப் போட வேண்டியதுதான். ஆனால் ரேடியோ பெட்டியிலிருந்து பிடுங்கிய ஏதோ ஒன்றை அங்கே வைக்காதீர்கள். சேர்த்ததையெல்லாம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டித் தீர்க்கவேண்டிய உத்தியோகம் இது. பிளாஷுக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: திருப்புளி வீரர்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அபாயம் தீர்ந்தது என்று இவர்களுக்கு நினைப்பு. 1000 மைக்ரோபாரட் கண்டன்சரில் 330 வோல்ட் ஏறியிருந்தால் 54 ஜூல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிரையே வாங்கிவிடலாம். இவர்களோ திருப்புளியைக் குறுக்கே வைத்து, வெடிச் சத்தத்தையும் உருகின நுனியையும் காட்டிப் பெருமைப்படுகிறார்கள்! 10,000 ஓம், 10 வாட் ரெஸிஸ்டர் ஒன்றை உறை போட்ட கம்பியில் பற்றவைத்து ஒரு நிமிஷம் பிடித்திருந்தால், ஓசையில்லாமல் 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சற்றுப் பொறுத்து மீண்டும் மீட்டர் வைத்துப் பாருங்கள்; ஒளித்து வைத்ததில் கொஞ்சம் வெளியே விடுகிற குணம் கண்டன்சருக்கு உண்டு.

புதிது வாங்கு என்கிறவரை ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் ஹாரால்ட் எட்ஜர்ட்டன் 1957ல் பால் துளி கிரீடமாகத் தெறிப்பதைப் படம் பிடித்தாரே, அந்த வித்தையும் கண்டன்சரில் சேர்த்து வாயுக் குழாயில் கொட்டுவதுதான். கடையில் இன்று விற்கிற ஸீனான் பிளாஷிலும் அதே டப்பி, அதே படலம். பத்து வருஷம் பரணில் போட்டால் அதுவும் சோரும். அப்போது என்ன சொல்வார்? மனப்பாடமாக வைத்திருக்கிறாரே, அதே வாக்கியத்தைத்தான்.

அவர் உண்மையாகவே எச்சரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1970களில் விற்ற விவிடார் 283 பிளாஷ்களில் முற்பட்டவை, கேமராவைத் தொடுகிற முனையிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். டிஜிட்டல் கேமராக்கள் பல அதைத் தாங்குவதில்லை. நேரே மாட்டினால் கேமராவே கெட்டுப்போகலாம். கண்டன்சரைப் பற்றி அவ்வளவு தீர்மானமாகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடக் காணோம்.