சாவி கொடுத்த கார் எவ்வளவு தூரம் ஓடும்?

2006 முதல் அச்சாகிவந்த என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூலில், வேலை, ஆற்றல் பற்றிய இயலில் ஒரு சிறு செயல்பாடு உண்டு. பொம்மைக் கார் ஒன்றுக்குச் சாவி கொடுத்துத் தரையில் விடும்படி அது மாணவரிடம் சொல்கிறது. கார் நகர்ந்ததா, அதற்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது, சாவியைத் திருகிய சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அந்த ஆற்றல் மாறுமா, அதை எப்படிச் சோதிப்பது என்று அடுத்தடுத்துக் கேட்கிறது. அரைப் பக்கம்கூட வராத இந்த வினாத்தொடர் அந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அதற்குக் கிடைத்த வாழ்வுதான் இரங்கத்தக்கது. கார் இல்லாமலேயே செயல்பாடு முடிந்துவிடுகிறது. சுருள்வில்லின் நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்னும் ஒரே வாக்கியம் குறிப்பேட்டில் ஏறுகிறது. எப்படிச் சோதிப்பது என்ற கடைசி வினாவைத் தேர்வு கேட்பதில்லை. ஆகவே வகுப்பும் கேட்பதில்லை.

அந்தக் கடைசி வினாவுக்குள் இருப்பது சிறிய செய்தி அன்று. காருக்குள் இருப்பது சுருட்டிய எஃகுப் பட்டை. அதன் ஒரு முனை சாவியின் தண்டோடும் மறுமுனை சட்டத்தோடும் பிணைந்திருக்கும். சாவியைத் திருகும்போது பட்டை இறுகுகிறது. ஒரு பக்கம் மட்டுமே சுழலவிடும் தடைப்பல், கையை எடுத்தவுடன் தண்டு பின்வாங்காமல் காக்கிறது. பட்டை தளரும்போது தண்டிலுள்ள பெரிய பற்சக்கரம் சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வில் ஒரு சுற்று தளர்வதற்குள் கார்ச் சக்கரம் பல சுற்றுகள் சுழன்றுவிடுகிறது. காரைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தால் உள்ளிருப்பது முழுவதும் ஓரிரு நொடிகளில் கிறீச்சிட்டுத் தீர்ந்துபோவதைப் பார்த்திராத குழந்தை இல்லை. தள்ளிச் செல்ல வேண்டிய எடையும் தரையின் உராய்வுமே அதுவரை வில்லை நிதானமாக விட்டுக்கொடுக்கச் செய்தன என்பதை அந்தக் குழந்தைக்குச் சொல்பவர்தான் அரிது.

தமிழில் கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் சாவி ‘கொடுக்கிறார்கள்’. இந்தியில் சாவியை ‘நிரப்புகிறார்கள்’. ஒன்றில் கைமாறும் பொருளாகவும் மற்றொன்றில் கலத்தில் ஊற்றும் பொருளாகவும் ஆற்றல் பேசப்படுகிறது. சேமித்து வைக்கக்கூடியது என்ற கருத்து இரண்டிலும் அடங்கியிருக்கிறது. இயற்பியல் ஆசிரியர் பாதித் தொலைவு நடந்துவிட்ட மாணவரைத்தான் பெறுகிறார். (சுயபுத்தி இல்லாதவரைச் ‘சாவி கொடுத்த பொம்மை’ என்று ஏசுவது மட்டும் பொம்மைக்கு இழைக்கும் அநீதி. சாவி கொடுத்தவர் முடிவு செய்வது எவ்வளவு என்பதை மட்டுமே. எப்படி ஓடுவது என்பதை உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் முடிவு செய்கின்றன.)

மொழி எளிதில் தராத பகுதி இனிமேல்தான் வருகிறது. சுற்றுகளை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்குமா? முற்றிலும் தளர்ந்த நிலையிலிருந்து தொடங்கும் இலட்சிய வில்லில், முறுக்கும் கோணம் கூடக்கூட எதிர்க்கும் முறுக்குவிசையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே ஆற்றல் கோணத்தின் இருபடிக்கேற்ப வளரும்: இரு மடங்கு சுற்றுக்கு நான்கு மடங்கு ஆற்றல். ஆனால் பொம்மையின் வில்லை ஓரளவு இறுக்கியே கூட்டுக்குள் பொருத்துகிறார்கள்; சுற்றுகள் ஒன்றோடொன்று உரசவும் செய்கின்றன. ஆகவே ஓடிய தூரத்தை அளவுநாடாவால் அளந்து வரைபடம் வரைந்தால் கிடைப்பது பெரும்பாலும் நேர்கோடும் அன்று, தூய இருபடி வளைகோடும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. சூத்திரத்துக்கும் உலகத்துக்கும் இடையிலுள்ள அந்த விலகலைப் பதினான்கு வயதில் தன் கையால் அளந்து பார்த்தவர், பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் தரவு ‘சரியாக வரவில்லை’ என்று அதைத் திருத்தத் துணிவது கடினம்.

இன்று தெருவோரக் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் பின்னிழுத்து விடும் கார்கள். அவற்றில் சாவி இல்லை, சக்கரமே சாவி. உள்ளே ஒரு பற்சக்கரத்தின் அச்சு வட்டத் துளைக்குப் பதிலாக நீண்ட பிளவில் அமர்ந்து, சுழலும் திசைக்கேற்ப இடம் மாறுகிறது. வடிவமைப்பின் நுணுக்கம் வகைக்கு வகை வேறுபடும். பின்னே இழுக்கும்போது ஒரு பல்விகிதமும் முன்னே ஓடும்போது வேறொரு பல்விகிதமும் இயங்குவதே பொதுவான கருத்து. அதனால்தான் 20 சென்டிமீட்டர் இழுத்த கார் 2 மீட்டர் ஓட முடிகிறது. ஆனால் ஆற்றல் எங்கும் கூடுதலாக முளைப்பதில்லை. பத்து மடங்கு தூரம் தள்ளிய வில், சராசரியாக, இழுத்த விசையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தந்திருக்க முடியாது. இழுக்கும்போது காரை ஏன் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது: இழுப்பதற்கு வேண்டிய விசை பெரியது, அழுத்தாவிட்டால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். எல்லை மீறி இழுத்தால் ‘டக் டக்’ என்று ஒலிப்பது, வில்லின் வெளிமுனை தன் கூட்டின் வெட்டுகளில் நழுவும் ஒலி. அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஓடும் தூரம் கூடாது. நெம்புகோல் தத்துவமும் ஆற்றல் அழியாமையும் அளவீட்டின் உச்ச வரம்பும் ஓர் உள்ளங்கைப் பொருளில் அடங்கியிருக்கின்றன.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு ‘பொம்மைவழிக் கற்பித்தல்’ என்ற தொடர் கருத்தரங்குகளில் அடிக்கடி ஒலிக்கிறது. அதே 2020-இல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயமாயிற்று. பொம்மை எங்கே செய்யப்பட்டது, பாதுகாப்பானதா என்னும் கேள்விகள் தேவையானவையே. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி கல்விக்கு உரியது. அங்கேயோ சன்னபட்டணத்து மரப் பொம்மைகளும் கொண்டபள்ளிப் பொம்மைகளும் மேசையில் வரிசையாக நிற்க, அவை மரபின் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. போற்றுதல் நன்று. எனினும் காட்சிக்கு வைத்த பொம்மை எந்தக் கருதுகோளையும் சோதிக்க இடம் தருவதில்லை. மலிவான பிளாஸ்டிக் கார் தருகிறது. அது மரபுப் பொருள் அன்று என்பதால் அந்த மேசையில் அதற்கு இடமில்லை.

இந்நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் கையில் கருவிப்பெட்டியைக் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, தேர்வையே மாற்றியது: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. அந்தச் சூழலிலிருந்து உருவான அரவிந்த் குப்தா, கான்பூர் ஐஐடியில் பொறியியல் பயின்றவர், குப்பையிலிருந்து பொம்மை செய்யும் கலையைப் பல மொழிகளில் பரப்பினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். திட்டத்தையோ மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. மனிதரைப் பாராட்டுவதற்கும் அவரை உருவாக்கிய முறையைக் கைவிடுவதற்கும் இடையில் எவருக்கும் முரண்பாடு தெரியவில்லை போலும்.

இதற்கு எழும் மறுப்புகளுள் ஒன்று மட்டுமே பொருட்படுத்தத்தக்கது. கூட்டைத் திறந்தால் வில் சீறி வெளியேறி விரலைக் கிழிக்கக்கூடும். உண்மை. ஆகவே வில் முழுதும் தளர்ந்த பிறகே, ஆசிரியர் கையால், ஒரே ஒரு காரைத் திறந்து காட்டினால் போதும். மற்றவற்றை ஓடவிட்டு அளக்கலாம். மின்கலப் பொம்மைகளின் காலத்தில் சுருள்வில் பழம்பொருள் என்னும் மற்றொரு வாதம் நேர்மாறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது. மின்கலத்துள் நடப்பதைக் கண்ணால் காண இயலாது; வில் இறுகுவதை விரலே உணரும்.

பொம்மைவழிக் கற்பித்தலை மெய்யாகவே கருதுவோர் தொடங்க வேண்டிய இடம் கண்காட்சி அரங்கு அன்று, வினாத்தாள். இழுத்த தூரமும் ஓடிய தூரமும் கொண்ட ஓர் அட்டவணையைத் தந்து, எந்த இடத்தில் வில் நழுவத் தொடங்கியது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும். மறு ஆண்டே பள்ளிகள் கார் வாங்கும். நாற்பது மாணவர் கொண்ட வகுப்புக்குப் பத்துக் கார்களும் சில அளவுநாடாக்களும் ஒரு சிறிய திருப்புளியும் போதும்.