முன்பாரம், பின்பாரம்... நடுவுல ஒரு குட்டி வீடு!

செமஸ்டர் முடிஞ்சு லீவு விட்டாச்சா? வீட்டுல 'இந்த வருஷமாவது எங்கயாவது போவோம்'னு பேச்சு ஆரம்பிச்சிருக்குமே? அப்புறம் லாட்ஜ் வாடகை, வேன் வாடகை, சாப்பாட்டுச் செலவுன்னு ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டு, கடைசியில 'சரி, அத்தை வீட்டுக்கே போயிட்டு வந்துடலாம்'னு முடிச்சிருப்பாங்களே? இந்த வாரம் அந்தக் கணக்கையே கொஞ்சம் மாத்திப் போட்டுப் பார்ப்போம். படுக்கிற அறையையும் அடுப்படியையும் நாமளே செஞ்சு, கையோட கொண்டு போனா எப்படி?

அமெரிக்காவில் இதுக்குப் பேர் 'டியர்டிராப் டிரெய்லர்'. முன்பக்கம் உருண்டையா, பின்பக்கம் சரிஞ்சு, ஒரு கண்ணீர்த் துளியைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கும் குட்டி டிரெய்லர். உள்ளே ரெண்டு பேர் படுக்க மெத்தை. பின்னால் கதவை மேலே தூக்கினா அடுப்படி. அவ்வளவுதான் வீடு! உள்ளே நிக்க முடியாது, உட்காரலாம், தூங்கலாம். 1930-களில் அங்கே பொருளாதார மந்த நிலையில் கையில் காசில்லாத மனுஷங்க கேரேஜில் உட்கார்ந்து செஞ்ச சமாச்சாரம் இது. 1947 செப்டம்பர் மாதம் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இதுக்கான பிளானை அச்சிட, போரிலிருந்து திரும்பியவர்கள் ஆளாளுக்கு ரம்பத்தைத் தூக்கிவிட்டார்கள்.

'அதெல்லாம் அமெரிக்கா பாஸ், அருப்புக்கோட்டையில நடக்குமா?'ன்னுதானே கேட்கறீங்க? ஒரு நிமிஷம் யோசிங்க. நம்ம தாத்தா காலத்துக் கூண்டு வண்டி வேற என்னவாம்? மேலே மூங்கில் வளைச்சுப் பாய் போட்ட கூரை, உள்ளே வைக்கோல் மெத்தை, அடியில் தொங்கும் சாக்கில் சட்டி பானை. இருக்கன்குடிக்கும் அழகர்கோவிலுக்கும் குடும்பமே அதில்தான் போய், ராத்திரி மரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுச் சமைச்சுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்திருக்கு. ஆடு மேய்க்கிற கீதாரிகள் இன்னமும் ஊர் ஊரா கிடை போட்டுக் காட்டிலேயே படுத்து எழுறாங்க. கேம்பிங் நமக்குப் புதுசே இல்லை. பேர்தான் புதுசு!

இப்பவும் தேவை இருக்கு. மாசி சிவராத்திரிக்கு நம்ம பக்கம் குலசாமி கோவில்களைப் பார்த்திருப்பீங்க. சென்னை, திருப்பூர்னு எங்கெங்கோ இருக்கிற பங்காளிங்க எல்லாம் வந்து இறங்குவாங்க. கோவில் இருக்கிறதோ கரிசல் காட்டு நடுவில், நாலு வேலமரத்துக்கு நடுவில். ராத்திரி முழுக்க அங்கேதான். ஆம்பளைங்க துண்டை விரிச்சுப் படுத்துடுவாங்க. அப்பத்தாவுக்கும் கைக்குழந்தை வெச்சிருக்கிற அக்காவுக்கும்? விடிய விடிய சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். 'இந்த வருஷம் நான் வரலப்பா, முடியல'ன்னு அப்பத்தா சொல்ற வீடுகள் எத்தனை! அந்த ஒருத்தங்களுக்காக ஒரு எட்டடிப் பெட்டி செய்யலாமா, கூடாதா? செய்யலாம்னா எப்படி? இதான் நம்ம கேள்வி.

நம்ம ஆள் ஒருத்தர்!

முதலில் ஒரு நிஜ கேஸ். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்தவர் அருண் பிரபு. ஆர்க்கிடெக்ட். 23 வயசில், 2019-ல், ஒரு பழைய சரக்கு ஆட்டோவின் முதுகில் ஆறுக்கு ஆறடி இடத்தில் ஒரு வீட்டையே ஏத்திட்டார். பேர் 'சோலோ 0.1'. படுக்கை, சமையல் இடம், கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் பேனல், மொட்டை மாடியில் குடை... எல்லாம் சேர்த்து ஆன செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். பெரும்பாலும் கழிச்சுக்கட்டின பழைய பொருட்களை வெச்சே முடிச்சிருக்கார். வேலை தேடி இடம் மாறுகிற கூலித் தொழிலாளிகளும் வீடில்லாதவங்களும்தான் அவர் மனசில் இருந்தது. 2021 பிப்ரவரியில் ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்து அசந்து ட்வீட் போட, நாடு பூரா ஃபேமஸ்!

இதில் நமக்கு முக்கியமான பாயின்ட் ஒண்ணு இருக்கு. அந்த வீடு வண்டியோட போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது. கழற்றித் தனியா இறக்கிடலாம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

ஏன் எட்டடி?

உலகம் பூரா டியர்டிராப்கள் பெரும்பாலும் எட்டடி நீளம், நாலடி உயரம். காரணம் ரொம்ப சிம்பிள். பிளைவுட் ஷீட்டோட சைஸே எட்டுக்கு நாலு! அருப்புக்கோட்டை கடையில் கேட்டாலும் அதே சைஸ்தான். ஒரு ஷீட் ஒரு பக்கச் சுவர். இன்னொண்ணு எதிர்ச் சுவர். மூணாவது தரை. வளைவான கூரைக்கு 6 மி.மீ. மெல்லிய ஷீட் ஒன்றரை.

எடைக் கணக்கு போடலாம் வாங்க. 12 மி.மீ. ஷீட் ஒண்ணு சுமார் 23 கிலோ. மூணுக்கு 69. கூரை 17. அடியில் 40-க்கு 40 சதுரக் குழாயில் சட்டம் அடிச்சா, மீட்டருக்கு 3 கிலோ வீதம் 13 மீட்டருக்கு 39. அச்சு, சக்கரம், வில் எல்லாம் 60. மெத்தை, பேட்டரி, பாத்திரம், 40 லிட்டர் தண்ணி, கதவு, கீல்னு இன்னொரு 115. மொத்தம் 300 கிலோ. ஒரு சின்ன கார் இழுக்கிற எடைதான். ஆனா எடையை விட முக்கியமானது, அந்த எடை எங்கே உட்காருதுங்கறது.

வண்டிக்காரர் சொல்லும் ஃபிசிக்ஸ்

மாட்டு வண்டியில் பாரம் ஏத்தறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? மூட்டையை ஏத்திட்டு நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பாங்க. முன்பாரம் ஆயிட்டா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஆயிட்டா நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கிடும். ரெண்டுக்கும் நடுவில், லேசா முன்பாரம். இதான் வண்டிக்காரர் கணக்கு.

டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவிகிதம் வரை காரின் கொக்கி மேல உட்காரணும். குறைஞ்சா, வேகம் எடுக்கும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் பெருசாகி, காரையே ரோட்டை விட்டுத் தள்ளிடும்.

நம்ம 300 கிலோவுக்கு 12 சதவிகிதம்னா 36 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு வரை 2.5 மீட்டர்னு வெச்சுக்கங்க. அப்போ ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருக்கணும். சரியா ஒரு அடி! இப்போ அச்சுக்கு நேர் மேலே இருந்த 40 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்து, 'அடுப்படி பக்கம் இருந்தா வசதியா இருக்கும்'னு ஒரு மீட்டர் பின்னால் தள்ளி வெச்சா என்ன ஆகும்? 40-ஐ 2.5-ஆல் வகுங்க. கொக்கியில் 16 கிலோ குறைஞ்சு, 36 இருந்த இடத்தில் 20 ஆயிடும். 7 சதவிகிதம்கூட இல்லை. ஒரே ஒரு தண்ணீர் கேன்! முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பரில் வந்த மொமென்ட்தான் இது. அப்போ மார்க்குக்காகப் படிச்சோம், இங்கே உசுருக்காக.

வெயிலும் மூச்சும்

அமெரிக்க பிளானை அப்படியே காப்பியடிச்சா நம்ம ஊரில் அது வீடு இல்லை, அடுப்பு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டும். எட்டுக்கு நாலு கூரைன்னா 3 சதுர மீட்டர். அதாவது மூணு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணித் தலைக்கு மேல வெச்ச மாதிரி! வெளிக்கூரைக்கு வெள்ளை பெயின்ட், ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவில் ஒரு இன்ச் தெர்மாகோல், எதிரெதிரா ரெண்டு ஜன்னல் கொசுவலையோட. இது மூணும் கட்டாயம். பகலில் வேப்ப மர நிழல்தான் பெஸ்ட் ஏ.சி.

அடுத்தது இன்னும் சீரியஸ். தூங்கும்போது ஒரு ஆள் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடறோம். ரெண்டு பேருக்கு 24. பெட்டிக்குள்ளே இருக்கிற காத்தோ மூவாயிரம் லிட்டருக்குள்தான். எல்லாத்தையும் அடைச்சுட்டுப் படுத்தா ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1 சதவிகிதம். வெளிக்காத்தில் இருக்கிறது வெறும் 0.04. மூணு மணி நேரத்தில் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். அதனால மூடவே முடியாத மாதிரி, கீழே ஒண்ணு மேலே ஒண்ணுன்னு ரெண்டு காத்து ஓட்டை போட்டுடணும். மழைச் சாரல் உள்ளே வராம இருக்க ஒரு தகர மூடி போதும்.

அதை விட ஆபத்து, கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள் தூங்கின ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்ஸைடுதான் காரணம்னு பின்னால் தெரிஞ்சது. டியர்டிராப்பில் அடுப்படியை வெளிப்பக்கம் வெச்சது எவ்வளவு நல்லதுன்னு இப்போ புரியுதா? மழையா இருந்தாலும், குளிரா இருந்தாலும், அடுப்போ கரி நெருப்போ கொசுவர்த்தியோ எதுவும் உள்ளே வரக் கூடாது. நோ எக்ஸ்கியூஸ்!

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

இங்கேதான் நிறைய பேர் ஆசையில் மண் விழும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, இழுத்துட்டுப் போகிற டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு நம்பர் இல்லாம பொது ரோட்டில் ஏத்தக் கூடாது. பதிவு வேணும்னா, அந்த மாடல் புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பில் தேறியிருக்கணும். வீட்டு வாசலில் வெல்டிங் வெச்ச டிரெய்லருக்கு அது நடக்கிற கதை இல்லை. 'காரையே கொஞ்சம் மாத்திக்கலாம்'னா, வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. 'நம்ம ஊர்ல யார் பார்க்கறா'ன்னு நினைக்காதீங்க. மதுரை - தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் பின்னால் வர்ற லாரி, உங்க வாலாட்டத்துக்காகக் காத்திருக்காது. ஏதாவது ஆயிட்டா இன்ஷூரன்ஸும் கைவிரிச்சிடும்.

அப்போ கனவு அவ்வளவுதானா? இல்லை பாஸ்! அருண் பிரபு போட்ட போல்ட்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதை இப்போ கழட்டுவோம்.

பெட்டி நம்மது, சக்கரம் வாடகை!

டிரெய்லர் செய்யாதீங்க. சக்கரம், அச்சு, சட்டம் எதுவும் இல்லாம பெட்டியை மட்டும் செய்யுங்க. தெருவுக்குத் தெரு நிக்குதே குட்டி சரக்கு வண்டி, அதோட தொட்டி ஏழடிக்குக் கொஞ்சம் மேல நீளம். அதனால எட்டடியை ஏழடியாக் குறைச்சுக்கங்க. நம்ம அப்பத்தா உயரத்துக்குத் தாராளம். எடை 110 கிலோவுக்குள் வரும், ஆறு பேர் சேர்ந்தா தூக்கி இறக்கிடலாம். கட்டில், பீரோ ஏத்துற மாதிரி அதுவும் ஒரு சரக்கு. நாலு மூலையிலும் இரும்பு வளையம் வெச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா போதும். ஆனா ஒண்ணு, வண்டி ஓடும்போது பெட்டிக்குள்ளே ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறுறது சட்டப்படி தப்பு, உசுருக்கும் ஆபத்து. குடும்பம் பஸ்ஸிலோ காரிலோ வரட்டும், வீடு தனியா வரட்டும்!

பெட்டி பெரும்பாலும் தச்சு வேலை. மரச் சட்டம், ஸ்க்ரூ, ஃபெவிகால், பெயின்ட். கூரை வளைவுக்கு மட்டும் ஒரு டிப்ஸ். மெல்லிய பிளைவுட்டை ஈரத்துணியால் நல்லா நனைச்சு, கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு ஸ்க்ரூ போடணும். அவசரப்பட்டா 'டப்'புனு உடையும். பிளைவுட் வாங்குறதுக்கு முன்னாடி பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரிச்சு ஒட்டி, நிஜ சைஸில் ஒரு மாடல் செஞ்சிடுங்க. அதுக்குள்ளே அப்பத்தாவைப் படுக்க வெச்சு, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்க. முழங்கால் மடக்க முடியுதா, வாசல்படி உயரம் சரியா, ராத்திரி கை நீட்டினா டார்ச் எட்டுதா? எந்த சாஃப்ட்வேரும் சொல்லாத டிசைன் கரெக்ஷன் எல்லாம் அவங்க வாயில் வரும். திட்டும் சேர்ந்து வரும், வாங்கிக்கங்க!

சிவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கு. வேலமரத்துக்கு அடியில் இறக்கி வெச்ச அந்தப் பெட்டிக்குள்ளே, பேத்தியையும் கொள்ளுப்பேரனையும் பக்கத்தில் போட்டுக்கிட்டு அப்பத்தா கால் நீட்டிப் படுத்தா... வேற எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

ரம்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க. ரெண்டு தடவை அளந்து, ஒரு தடவை அறுங்க. அடுத்த வாரம் வேற ஒரு வேலையோட வர்றேன். டாட்டா!