தாமதமே பகை

பங்குனித் திருவிழாவில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் காவடியும் பால்குடமும் ஏந்தி வரும் கூட்டத்தில் பிள்ளை வரம் கேட்டு வருவோரும் உண்டு. பிறக்கப்போகும் உயிரை இந்த மண் லேசாக எண்ணியதில்லை. அதனால்தான், வயிற்றில் வளரும் கருவுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை வழக்கறிஞர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அதேபோல், சுமக்கும் தாயை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்கு நியாயமான விடை காணவும் முடியாது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியில் திணறியது. இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயால் அவதிப்பட்டு வந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால், மாதவிலக்கு வராததை அவர் பொருட்படுத்தவில்லை. மீண்டும் கருவுற்றிருப்பது தெரிந்தபோது மாதங்கள் கடந்துவிட்டன. நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அமர்வு முதலில் கருக்கலைப்புக்கு அனுமதி தந்தது. கரு உயிருடன் பிறக்க வாய்ப்புண்டு என்று எய்ம்ஸ் மருத்துவர் தெரிவித்த பிறகு இருவரின் தீர்ப்பும் பிரிந்தது. முடிவில், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், எட்டாவது வாரத்திலேயே அவருக்கு ஒரு பரிசோதனை நடந்திருந்தால் வழக்கே எழுந்திருக்காது. வாரங்கள் கூடக் கூட அறத்தின் சுமையும் கூடுகிறது. ஆகவே, கருவின்மீது மெய்யான அக்கறை உள்ளவர்கள் முதலில் ஒழிக்க வேண்டியது தாமதத்தைத்தான்.

காலத்தோடு சிகிச்சை பெறச் சட்டம் வழி விட்டிருக்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் 2021 திருத்தமும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. திருமணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளது சம்மதம் மட்டுமே போதும்.

ஊரில் நடப்பது வேறு. நாள் தள்ளிப்போன பெண் மருத்துவமனைக்குப் போனால், "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. கூலி வேலைக்குப் போகிறவள் நார்த்தாமலையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்வர ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். மருந்துக் கடையிலோ கேள்வியே இல்லாமல் மாத்திரை கிடைத்துவிடுகிறது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் 2015இல் நடந்த சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகளில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் போக்சோ வழக்குக்குப் பயந்து குடும்பமே மறைக்கிறது. சிறுமியின் பெயரைக் காவல் துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்லியிருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

கருவின் உயிரே முதன்மை, கருக்கலைப்பை அடியோடு தடுக்க வேண்டும் என்போரின் மனசாட்சியை மதிக்கிறோம். அவர்கள் காட்டும் வழியை ஏற்க இயலாது. 2012இல் அயர்லாந்தில் கருச்சிதைவு உறுதியான நிலையிலும், கருவின் இதயம் துடிக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கப்பட்ட நம் நாட்டுப் பெண் சவிதா ஹாலப்பனவர் கிருமித்தொற்றால் இறந்தார். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. 2018இல் அந்த நாடே வாக்களித்துத் தடையை நீக்கியது. பெண் சிசு என்று தெரிந்து கலைப்பது கொடுமை; அதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பாலினத்தைச் சொல்லும் ஸ்கேன் மையங்கள்மீது அது பாயட்டும், பெண்கள்மீது அல்ல.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் தமிழக அரசு மகப்பேறு உதவியாக 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. கருவைக் காக்கும் சரியான வழி இதுதான். ஆனால், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனைகள் மிகவும் தேவைப்படும் தாய்மாரையே வெளியே நிறுத்துகின்றன. மூன்றாவது கருவுக்குப் பசி குறைவா? இந்த நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும்.

கூடவே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற மருத்துவரும், ஒன்பது வாரத்துக்குள் பாதுகாப்பான மருந்துச் சிகிச்சையும் கிடைக்கட்டும். பால் கொடுக்கும்போதும் கரு தங்கலாம் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் வீடுதோறும் எடுத்துச் சொல்லட்டும். பெற்றுக்கொள்ள விரும்பும் பெண்ணுக்குத் துணை, முடியாத பெண்ணுக்குக் காலத்தில் சிகிச்சை: இரண்டையும் தராத அரசுக்கும் சமூகத்துக்கும் கருவின் உரிமை பற்றிப் பேசத் தகுதியில்லை.