சிவப்பு மையை மூடி வையுங்க!

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுவாள். 'நேற்று என்ன செய்தாய்?' என்று சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது.

டியூஷன் டீச்சர் தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதச் சொன்னார். நல்ல யோசனைதான். முதல் வாரம் ஆசையாக எழுதினாள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் வாங்கியது, பாட்டியோடு போட்ட சண்டை எல்லாம் வந்தது. நோட்டு திரும்பி வந்தபோது பக்கம் முழுக்க சிவப்பு மை! பாட்டி சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரே பல்லவி: காலையில் எழுந்தேன், பல் தேய்த்தேன், பள்ளிக்குப் போனேன். தப்பும் இல்லை, விஷயமும் இல்லை!

நம்ம ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கவர்னர் டூப்ளேயின் துபாஷ். 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பண்டிதத் தமிழிலா எழுதினார்? பேசுகிற தமிழில், பிறமொழி வார்த்தைகளும் கலந்து, கப்பல் வந்தது, வியாபாரம், ஊர் வம்பு எல்லாம் எழுதி வைத்தார். அதைத்தான் பின்னாளில் சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பக்கத்தில் ஒருவர் சிவப்பு பேனாவோடு உட்கார்ந்திருந்தால் மனுஷர் பத்தே நாளில் நிறுத்தியிருப்பார்!

இப்போது நானே அந்த நோட்டுக்குப் பதில் எழுதுகிறேன். நான் தமிழ் மீடியம் பிளஸ் டூ. டிக்ஷனரியைப் புரட்டித்தான் எழுதுகிறேன். திருத்துவதில்லை. 'பாட்டி ஷவுட் மீ' என்று அவள் எழுதினால், கீழே 'வொய் டிட் பாட்டி ஷவுட் அட் யூ?' என்று கேட்பேன். மறுநாள் அந்த 'அட்' தானாக அவள் வரியில் வந்து உட்கார்ந்திருக்கும். எல்லா நாளும் அல்ல, சில நாள்.

"தப்பைத் திருத்தலைன்னா அதுவே பழகிடாதா?" என்கிறார் என் கணவர். நியாயமான கேள்வி. இலக்கணம் திருத்த கட்டுரை நோட்டு தனியாக இருக்கிறதே! அங்கே எவ்வளவு சிவப்பு மை வேண்டுமானாலும் கொட்டட்டும். டைரிக்கும் மார்க் போட்டால், பிள்ளைகள் தெரிந்த வார்த்தைகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்வார்கள். புது வார்த்தையைத் தொடவே மாட்டார்கள். ஆங்கில ஆசிரியைகள் கொஞ்சம் யோசிப்பார்களா?

நேற்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். நாலைந்து தப்பு. கடைசி வரி: 'டோன்ட் ஷோ திஸ் டு அப்பா.' அதில் தப்பே இல்லை. அவரிடம் காட்டவும் இல்லை!

- ஒரு வாசகி, தேங்காய்த்திட்டு, புதுச்சேரி.